சனிக்கிழமை வரும் வீட்டுக்காரர்

அந்த ஆப்பிரிக்கத் தலைவரின் வாழ்க்கை எனக்கு மனப்பாடம். நானாக விரும்பிப் படித்துத் தெரிந்துகொண்டதல்ல. பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டும்போதும், ஈரத் துணிகளை அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் போடும்போதும் என் வீட்டுக்காரர் பின்னாலேயே நின்று சொல்லிச் சொல்லி அது எனக்குள் ஏறிவிட்டது.

மேற்கு ஆப்பிரிக்காவில் கடலோரம் ஓர் ஊர். அப்பா துறைமுகத்தில் மூட்டைகளுக்குக் குறி போடுகிறவர். மகன் மிஷன் பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியரானார். வெள்ளைக்காரப் பிள்ளைகளின் சாரணர் படையில் கறுப்புப் பிள்ளைகளுக்கு இடமில்லை என்றார்கள். அவர் மாவுச் சாக்குகளைக் கிழித்து, சாயம் தோய்த்து, கழுத்துத் துணி தைத்துத் தன் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கட்டிவிட்டு, தனியாக ஒரு படை தொடங்கினார். காலப்போக்கில் அந்த நாட்டுச் சாரணர் எல்லோருக்கும் அவரே தலைவர் ஆனார். பத்திரிகை நடத்தினார். சுதந்திரம் கேட்டுக் கூட்டத்தில் பேசியதற்காகச் சிறைக்குப் போனார். அவர் உள்ளே இருந்தபோது சாரணப் பிள்ளைகள் உடுப்போடு சிறை வாசலில் வரிசையாக நின்று பாடினார்கள்.

இந்த இடம் வரும்போது என் வீட்டுக்காரரின் குரல் கரகரத்துவிடும்.

"பாடினாங்க புள்ள. போலீஸ்காரன் பாத்துக்கிட்டே நிக்கிறான். ஒருத்தனும் வரிசைய விட்டு நகரல."

"பால் பொங்குதுங்க. நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் நகருங்க" என்பேன்.

அவர் முகம் வாடிவிடும். பாவம் என்றிருக்கும். இன்னும் கொஞ்சம் பொறுமையாகக் கேட்டிருக்கலாமே என்று அடுப்படியில் நின்று நினைப்பேன். ஆனால் பால் உண்மையாகவே பொங்கிக்கொண்டிருந்தது.

இலங்கை மலைநாட்டில், வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி மேலே ஏறினால் வரும் தேயிலைத் தோட்டத்தில் என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட ஆசிரியர். சாரணர் படையும் அவருடையதுதான். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே ஆசிரியருக்கென்று தோட்டம் கொடுத்த வீடு: இரண்டு அறை, பலகைத் தரை, புகை போக ஒழுங்கான போக்கி. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. எங்கள் மகள் பிறந்தது நோட்டன் பிரிட்ஜ் பக்கத்தில், வீட்டுக்காரருடைய அண்ணனின், தொழிலாளர் லயத்து ஒற்றை அறைக் காம்பராவில். அங்கே மழை விட்டதாக எனக்கு ஞாபகமில்லை. சுவர் வழியாகத் தண்ணீர் இறங்கும். கைப்பிள்ளைக்கு இளைப்பு வந்து, விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிய மூச்சு வாங்கியது. தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் பிள்ளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஈரத்துல வச்சிருந்தீங்கன்னா அடுத்த மழைய இது தாண்டாதும்மா. காஞ்ச வீடா பாருங்க" என்றார். வட்டகொடைக்கு மேலே வேலை கிடைத்தபோது எனக்கு வேலை கிடைத்ததாகத் தோன்றவில்லை. பலகைத் தரை கிடைத்தது என்றுதான் தோன்றியது. வந்த பிறகு பிள்ளைக்கு மூச்சு சீராகிவிட்டது.

அந்த வீட்டுக்குத்தான் ஆபத்து வந்தது. ஹட்டனில் இருந்த தொழிலாளர் சங்க ஆபீஸில் என் வீட்டுக்காரரை முழுநேரப் பிரதிநிதியாக வரச் சொன்னார்கள். அவர் நன்றாகப் பேசுவார், சிங்களமும் இங்கிலீஷும் தெரியும், தோட்டம் தோட்டமாக நடக்கக் கால் இருந்தது. தோட்டத்துத் தமிழரான எங்களுக்கு ஓட்டு இல்லை. என் அப்பா அம்மா இங்கேயே பிறந்தவர்கள், ஆனாலும் நாங்கள் எந்த நாட்டுக்காரர் என்று எந்த அரசாங்கக் கச்சேரியும் சொல்லவில்லை. யாராவது பேசத்தான் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அந்த யாராவது மூச்சு வாங்கும் பிள்ளையின் அப்பாவாகத்தான் இருக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. சங்கத்துக்குப் போனால் பள்ளிக்கூடத்தை விட வேண்டும், பள்ளிக்கூடத்தை விட்டால் வீட்டை விட வேண்டும்.

இதை நாங்கள் எத்தனை முறை பேசினோம் என்று தெரியாது. கடைசியில் அவர் ஒரு வழி சொன்னார்.

"அந்த ஆப்பிரிக்கத் தலைவரு இப்ப கொழும்புலதான் இருக்காரு. தோட்டத்த பாக்கணும்னு கேட்டிருக்காரு. கூட்டிட்டு வர்றேன். அவருகிட்டயே கேப்போம். அவரு சொல்றபடி செய்றேன்."

கண்டிக்குக் கீழே நடந்த சாரணர் ஆசிரியர் முகாமுக்கு அந்தத் தலைவர் விருந்தாளியாக வந்து பாடம் நடத்தியிருந்தார். அங்கேதான் என் வீட்டுக்காரருக்கு அவரைப் பழக்கம். நான் சரி என்றேன். பிள்ளைகளோடு பழகுகிற மனிதர், நம் பிள்ளையை ஒருமுறை தூக்கிப் பார்த்தால் குடும்பத்தை முதலில் கவனி என்றுதான் சொல்வார் என்று நம்பினேன். அவரைப் பற்றி அத்தனை முறை கேட்டும் எனக்கு அப்படி ஒரு நம்பிக்கை எப்படி வந்தது என்று இப்போதும் தெரியவில்லை.

தோட்டத்தை நடத்துகிற துரையிடம் அனுமதி வாங்க வீட்டுக்காரர் சாரணர் உடுப்போடு போனார். துரை சின்ன வயதில் சாரணராக இருந்தவர். சந்தோஷமாகச் சம்மதித்தார்.

"ஜெயிலுக்குப் போனவருன்னு சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"அவரு கேக்கலையே."

"சாரணர் பொய் சொல்ல மாட்டாருன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்குறீங்க."

"பொய் எங்க சொன்னேன்? பாதி சொன்னேன்."

விருந்துச் சமையல் என் தலையில் விழுந்தது. தலவாக்கலையில் எங்களுக்குக் கடன் கொடுத்துப் பழகிய முஸ்லிம் கடைக்காரர் நானா, விருந்தாளியை ஸ்டேஷனிலிருந்து ஏற்றிவரத் தன் காரையே தருவதாகச் சொன்னார்.

"விருந்தாளி நம்ம ஆளா, தங்கச்சி?"

"இல்லீங்க நானா, கிறிஸ்தவர்."

"சரி, இருந்தாலும் கோழிய நானே அறுத்துத் தர்றேன். யாரு சாப்பிட்டாலும் சேரும்."

விருந்தாளி வந்த அன்று மலை முழுக்க மூடுபனி. ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்பதை யாரும் யோசிக்கவில்லை. அந்தப் பெரிய உடம்பு காரிலிருந்து இறங்கும்போதே நடுங்கியது. அரைக்கால் சட்டைக்குக் கீழே முழங்கால் விறைத்துக்கொண்டு நின்றார். நான் வீட்டுக்காரருடைய கம்பளிச் சட்டையை எடுத்துக் கொடுத்தேன். கை பாதிதான் எட்டியது. அதைப் போட்டுக்கொண்டே அவர் கொடியேற்றத்துக்கு நின்றார்.

கொழுந்து நிறுக்க இறங்கிய பெண்கள் வேலியோரம் நின்றுவிட்டார்கள். ஒருத்தி என் காதருகே வந்தாள்.

"மாஸ்டரம்மா, இவரு நம்மளவிட கருப்பா இருக்காரு, ஆனா தொரை மாதிரி தொப்பி போட்டிருக்காரு. சலாம் போடணுமா வேணாமா?"

"ஒனக்கு இஷ்டம்னா போடு."

"போட்டா நம்ம தொரை கோவிச்சுக்குவாரா?"

"எனக்குத் தெரியலயேடி."

உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை.

தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற பெரிய கங்காணியை என் வீட்டுக்காரர் படையின் ஆதரவாளராக ஆக்கி, கோட்டுக்கு மேலே சாரணர் கழுத்துத் துணியையும் கட்டிவிட்டிருந்தார். விருந்தாளி அந்தத் துணியைப் பார்த்ததும் இடது கையை நீட்டினார். சாரணர்கள் இடது கையால்தான் கை குலுக்குவார்கள். கங்காணிக்கு அது தெரியாது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார்.

"என்னா மாஸ்டர், பெரிய மனுசன் பீச்சாங்கைய நீட்டுறாரு?"

என் வீட்டுக்காரர் பதறிப்போய் விளக்கினார். விருந்தாளியும் இங்கிலீஷில் சொன்னார்: தங்கள் பக்கத்து வீரர்கள் இடது கையில் கேடயம் பிடிப்பார்களாம். அதைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையை நீட்டினால், உன்னை நம்புகிறேன் என்று அர்த்தமாம்.

கங்காணி முழுவதையும் கேட்டார். "கேடயம் வச்சிருக்கவங்க வச்சிட்டு குடுக்கட்டும். எனக்கு கோட்டுதான் இருக்கு" என்றார்.

மொழிபெயர்த்ததும் விருந்தாளி வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டு இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார். கங்காணிக்கு அதில் திருப்தி. எனக்கும் அவரைப் பிடித்துப்போனது. இவர் நல்லதுதான் சொல்வார் என்று மறுபடியும் நினைத்தேன்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். நான் பரிமாறினேன், மகள் என் இடுப்பில் இருந்தாள். அவர் தன் வாழ்க்கையைச் சொல்லத் தொடங்கினார். துறைமுகம், மாவுச் சாக்கு, பத்திரிகை என்று எல்லாம் எனக்குத் தெரிந்த வரிசையில் வந்தது. என் வீட்டுக்காரர் முதல்முறை கேட்பவர்போலக் கண் விரியக் கேட்டார். சிறை வந்தது. பிள்ளைகள் பாடினார்கள். அந்த நேரம் பார்த்து வெளியே சாரணப் பிள்ளைகளுக்குள் சாப்பாட்டு வரிசையில் சண்டை. வீட்டுக்காரர் எழுந்து ஓடினார்.

எனக்கும் இங்கிலீஷ் தெரியும். கன்னியாஸ்திரிகளிடம் எஸ்.எஸ்.சி. வரை படித்தவள். ஆனாலும் கல்யாணத்துக்குப் பிறகு அதில் பேச வாய்ப்பில்லாமல் நாக்கு தடித்துவிட்டிருந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"நீங்கள் சிறையில் இருந்தபோது உங்கள் பிள்ளைகள் எந்த வீட்டில் இருந்தார்கள்?"

அவர் கையில் எடுத்த கோழித்துண்டை மறுபடி தட்டில் வைத்தார்.

"இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை" என்றார். பிறகு சொன்னார்: "நாங்கள் இருந்தது மிஷன் ஆசிரியர் வீட்டில். காலி செய்யச் சொன்னார்கள். என் மனைவி பாதிரியாரிடம் போய், என் வகுப்பைத் தானே எடுப்பதாகச் சொன்னாள். அவர் சம்மதித்தார். பிள்ளைகள் அங்கேயே இருந்தார்கள்."

"என்ன சொல்லிச் சம்மதிக்க வைத்தார்கள்?"

"தெரியாது" என்றார். "நான் கேட்கவில்லை."

அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இருந்ததா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். இருந்தது என்று சில நாள் தோன்றும். கோழியில் காரம் அதிகம் என்று சில நாள் தோன்றும். அதற்குள் வீட்டுக்காரர் திரும்பிவிட்டார். என் முன்னாலேயே கேட்டார்: சங்கத்தில் கூப்பிடுகிறார்கள், குடும்பம் இருக்கிறது, போகலாமா?

விருந்தாளி என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். "எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நான் போனேன்" என்றார்.

இது ஒரு பதிலா? போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. ஆனால் என் வீட்டுக்காரருக்கு அது போதுமானதாக இருந்தது. ஸ்டேஷனில் வண்டியேற்றிவிட்டுத் திரும்பியபோது அவர் நடையே வேறாக இருந்தது. நான் பெரிய சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"அவரு சம்சாரத்த வீட்ட விட்டுப் போகச் சொல்லிட்டாங்களாம். நான் கேட்டேன்" என்றேன்.

"அப்புறம்?"

"அந்தம்மா அவரு வேலைய தனக்கு கேட்டு வாங்கிக்கிட்டாங்களாம்."

"பாத்தியா" என்றார், சந்தோஷமாக. "சமாளிச்சிருக்காங்கல்ல?"

எனக்கு அந்தச் சட்டியைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. எறியவில்லை. இரவல் சட்டி. "எப்படிச் சமாளிச்சாங்கன்னு அவருக்கே தெரியலங்க" என்றேன். அவர் அதற்குள் ஹட்டனுக்கு எழுத வேண்டியதை மனதில் எழுதத் தொடங்கிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. அன்று பிள்ளையை மடியில் போட்டு வெகுநேரம் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அதுவும் எனக்குக் கோபத்தைத்தான் தந்தது.

வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தார். மாத முடிவில் வீட்டைக் காலி செய்யும்படி ஆபீஸிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். ஹட்டனில் வாடகைக்குப் பார்த்திருப்பதாக வீட்டுக்காரர் சொன்ன அறையை நான் போய்ப் பார்த்தேன். கடைகளுக்குப் பின்னால், சாக்கடைக் கான் ஓரமாக, வெயில் படாத இடத்தில் இருந்தது. மழைக்காலம் அருகில் வந்துகொண்டிருந்தது. அவர் கூட்டங்களுக்காக ஹட்டனிலேயே இருந்த ஒரு காலையில், பிள்ளையை, கொழுந்து பறிக்கும் பெண்கள் தங்கள் பிள்ளைகளை விடும் பிள்ளைமடுவத்து ஆயாவிடம் விட்டுவிட்டு, என்னிடமிருந்த ஒரே வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன்.

வழியெல்லாம் அந்த முகம் தெரியாத அம்மாவைத்தான் திட்டிக்கொண்டு போனேன். என்ன சொன்னார்கள் என்று புருஷனிடமாவது சொல்லி வைத்திருக்கக் கூடாதா? அழுதார்களா, ஜெபம் சொன்னார்களா, அவரைப் பற்றிக் குறை சொன்னார்களா? எனக்கு எதுவும் தெரியாது. நானேதான் தயார் செய்ய வேண்டியிருந்தது.

காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டு முடிந்து துரை வராந்தாவில் நின்றார். நான் இங்கிலீஷில் பேசினேன். என் வீட்டுக்காரரிடம் எப்போதும் இங்கிலீஷில் பேசுகிறவர், எனக்குத் தோட்டத் தமிழில் பதில் சொன்னார்.

"ஒன் புருசன் வேலை விட்டான். நீ என்னா கேக்குறே?"

"அந்த வேலையை எனக்குத் தாருங்கள். நான் எஸ்.எஸ்.சி. வரை படித்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு என்னைத் தெரியும். பாடம் ஒருநாள்கூட நிற்காது."

"வீடு வேணும். அதானே?"

ஆமாம் என்பதா, இல்லை என்பதா என்று தடுமாறினேன். "என் மகளுக்கு இளைப்பு. காய்ந்த வீடு வேண்டும்" என்றேன்.

 விருந்தாளி யார் என்பது துரைக்கு இப்போது தெரிந்திருந்தது. கிளப்பில் யாரோ பத்திரிகையைக் காட்டியிருந்தார்கள். அதைப் பற்றி அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வேலை எடு. வீடு ஒனக்கும் புள்ளைக்கும். சங்கத்து ஆளு என் தோட்டத்துல கால் வைக்க முடியாது. எந்த சங்கத்து ஆளும். ஒன் புருசனும்."

எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. தோட்டம் துரையின் இடம். சங்கத்துக்காரர்கள் தோட்டத்து எல்லைப் பாலத்துக்கு அந்தப் பக்கம், பொது ரோட்டில் நின்றுதான் தொழிலாளரிடம் பேசுவார்கள். அந்தக் கட்டுப்பாடு ஒரு வீட்டுக்குள்ளும் வந்து நிற்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

"அவர் என் கணவர்" என்றேன்.

துரை உள்ளே போகத் திரும்பியவர் நின்றார். "ஸ்கவுட் நல்லா நடக்குது. அது நிக்க வேணாம். சனிக்கிழமை ஸ்கவுட் மாஸ்டரா வரட்டும். உடுப்பு போட்டு வரணும். சங்கம் பேசக் கூடாது. ஸ்டோர் சங்கு ஊதினா போயிறணும்."

நான் சரி என்றேன். நன்றி என்றும் சொன்னேன். பாதி வழி வந்த பிறகுதான் ஞாயிற்றுக்கிழமையையும் கேட்டிருக்கலாமே என்று தோன்றியது. சாயங்காலம் தேயிலை ஆலையில் ஊதும் அந்தச் சங்குக்குப் பதிலாக மறுநாள் காலை என்று கேட்டிருந்தால் ஒருவேளை கொடுத்திருப்பார். திரும்பிப் போய்க் கேட்போமா என்று தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்றேன். கேட்டால் உள்ளதும் போய்விடுமோ என்று பயந்து பிள்ளைமடுவத்தை நோக்கி நடந்தேன்.

வீட்டுக்காரர் வந்தபோது காவலுக்கு நின்ற வாச்சர் பாலத்திலேயே நிறுத்திவிட்டான். ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். வாச்சர் மரியாதைக்காகத் தள்ளிப்போய் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன கேக்காம எப்படி புள்ள சரின்னு சொன்ன?"

"நீங்களும் என்ன கேக்காமதானே எழுதிக் குடுத்தீங்க?"

"ஒன்கிட்ட சொன்னேனே."

"சொன்னீங்க. கேக்கல."

"என் வீட்டுக்கு நான் பெர்மிட்டு வாங்கி வரணுமா?"

"அது உங்க வீடு இல்லீங்க. மாஸ்டர் வீடு. இப்ப நான்தான் மாஸ்டர்."

சொன்ன பிறகு இவ்வளவு கடுமையாகச் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. அவர் பிள்ளைக்குக் கை நீட்டினார். நான் பாலத்தைத் தாண்டிப் போய்க் கொடுத்தேன். வாச்சர் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர் ஏற்றுக்கொண்டார். துரைக்குத் தன் கைப்பட வாக்கும் எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு என் வீட்டுக்காரர் அரைக்கால் சட்டையும் தொப்பியும் கழுத்துத் துணியுமாக, சனிக்கிழமை காலையில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வருவதுபோல, தன் வீட்டுக்கு வந்தார். கொடியேற்றினார், முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தார், வீட்டில் சாப்பிட்டார், சங்கு ஊதும் முன் போனார். வாக்கு என்றால் அவருக்கு வாக்குதான். லயத்திலிருந்து யாராவது, "மாஸ்டர், எங்க வீட்டுக்காரி முழுநாள் பறிச்சதுக்கு அரைநாள் பேருதான் போட்டிருக்காங்க" என்று தொடங்கினால், "பாலத்துக்கு அந்தப் பக்கம் வாங்க, பேசுவோம்" என்பார். என்னிடமும் அப்படித்தான். ஹட்டனில் என்ன நடந்தது என்று கேட்டால், "இங்க வேணாம் புள்ள" என்பார். வாரம் முழுதும் நாட்டையே பேசுகிற மனிதர், என் முன்னால் உட்கார்ந்து ரொட்டி நன்றாக இருக்கிறது என்பார். எனக்கு அழுகை வரும். இதற்கு மாவுச் சாக்குக் கதையே மேல்.

கூட்டங்களில் அவர் இதைச் சொல்கிறாராம். பெண்டாட்டி பிள்ளையைப் பார்க்க உடுப்புப் போட்டுக்கொண்டு போக வேண்டிய நாடு இது என்று சொல்வாராம், கூட்டம் கொதிக்குமாம். அதற்குச் சரி என்று சொன்னது நான்தான் என்பதை மட்டும் சொல்வதில்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொல்லாமல் விடுகிறார் என்று நினைக்கிறேன். கதை பாதியாக இருந்தால்தான் நன்றாக இருக்கிறது என்பதாலும் இருக்கலாம்.

இப்படியே வருடங்கள் போய்விட்டன. மகளுக்கு இப்போது நான்கு முடிந்துவிட்டது. அந்த ஆப்பிரிக்க நாடு சுதந்திரம் பெற்றுவிட்டது என்றும் அவர் மந்திரியாகிவிட்டார் என்றும் ரேடியோவில் சொன்னதாக வீட்டுக்காரர் ஒரு சனிக்கிழமை வந்து சொன்னார். இது சங்கம் பேசுவதில் சேருமா சேராதா என்று முதலில் அவரே கொஞ்ச நேரம் யோசித்தார். "அவரு சம்சாரம் எப்படி இருக்காங்களாம்?" என்று கேட்டேன். அதெல்லாம் ரேடியோவில் சொல்லவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, மத்தியானத்துக்கு மேல் மகளுக்கு இளைப்பு வந்தது. காய்ந்த வீட்டில், பலகைத் தரையில், அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே வந்தது. எந்த வீட்டுக்காக இத்தனையும் விட்டேனோ அந்த வீட்டுக்குள்ளேயே. ஆஸ்பத்திரிக் கசாயமும் தைலமும் கொடுத்தோம். அப்பா நெஞ்சில் சாய்த்து உட்கார வைத்தால் மட்டும் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. கீழே இறக்கினால் கத்தினாள். அவர் சுவரில் சாய்ந்து, கழுத்துத் துணியைக்கூட அவிழ்க்காமல், அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

வெளிச்சம் குறையும்போது பெரிய கங்காணி வாசலில் வந்து நின்றார். துரைக்காக வந்தவர்தான். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டினார்.

"மாஸ்டர், சங்கு ஊதப் போவுது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் இந்தப் பக்கம் வரலன்னு வச்சுக்குங்க" என்றார்.

கங்காணி போனார். சங்கு ஊதி முடிந்தது.

"இன்னிக்கு இருக்கேன்" என்றார் வீட்டுக்காரர்.

இத்தனை வருடமாக நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. ஒரு ராத்திரி தங்கினால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நானே எத்தனையோ சனிக்கிழமை கேட்டிருக்கிறேன், வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று எழுந்து போயிருக்கிறார். இப்போது அவரே சொல்கிறார். நான் வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். லயத்தில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் இன்னும் இறங்கவில்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கும். கங்காணி வாயைத் திறக்காவிட்டாலும் காலைப் பெரட்டுக்குள் அது ஆபீஸுக்குப் போய்விடும். அதற்குப் பிறகு இந்த வீடு போய் ஹட்டன் கானோரத்து அறைதான், இந்த மழையில், இந்த நெஞ்சோடு.

"பிள்ளைய என்கிட்ட குடுங்க" என்றேன்.

"என்கிட்டதான் மூச்சு வருதுன்னு பாக்குறல்ல?"

"பாக்குறேன். குடுங்க. கெளம்புங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. மகளை என் தோளுக்கு மாற்றினார். அவள் கத்தினாள், மூச்சு இழுத்தது. தொப்பியை எடுத்து நானே அவர் கையில் கொடுத்தேன். ரோட்டில் இறங்கி, பாலத்தின் பக்கம் அவர் வேகமாக நடப்பது தெரிந்தது. திரும்பிக் கூப்பிடலாமா என்று நினைத்தேன். கதவைச் சாத்தினேன்.

மகள் மூச்சுக்கு நடுவே கேட்டாள், "அப்பா ஏம்மா போறாரு?"

"இன்னிக்கு ஸ்கவுட் முடிஞ்சிருச்சு" என்றேன்.